பிள்ளைக்குப் போட்ட புகை

சாம்பிராணிப் புகை பட்டதும் பிள்ளையின் அழுகை நின்றது.

அழுது ஓய்ந்த பிள்ளைக்கு ஒரு விக்கலாவது மிச்சம் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. குளிப்பாட்டித் துடைத்த உடம்பு முறைக்குச் சின்னம்மாவான சாச்சி கைறுன்னிஸாவின் மடியில் விறைத்துக் கிடக்க, கண்கள் மட்டும் அகலத் திறந்து சுவரையே பார்த்தன.

"என்ன நல்ல புள்ள! புகை போட்டா அப்பிடியே அடங்கிப் போகுது பாத்தியா மகள்," என்றார் சாச்சி.

பிள்ளையின் தாய் மஸீனா பாயில் சாய்ந்து கிடந்தாள். பெற்ற நாளிலிருந்து ஒரு நல்ல தூக்கம் கிடையாது. நாக்கில் பேறுகாலக் காயமருந்தின் கசப்பு, சட்டையில் பாலின் புளித்த வாடை, போதாக்குறைக்குப் பின்னறையிலிருந்து எலி மூத்திர நாற்றம். அது அவள் கணவன் முத்தலிப்பின் சீதனம். பயத்தைப் பற்றி ஆராய்கிற மனிதர். பல்கலைக்கழகத்தில் இடம் போதவில்லையென்று எலிக்கூடுகளை உக்குவளையிலுள்ள வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பிள்ளை பெறப்போகிற வீடாயிற்றே என்று யார் சொல்லி அவர் காதில் ஏறும்!

சினை எலிக்கு ஒரு வாசனையைக் காட்டி, உடனே மின்சாரம் கொடுத்துப் பயமுறுத்துவார். பயந்தால் உடம்பில் ஊறுகிற சுரப்பு ஒன்று இரத்தத்தோடு மூளைக்கும் போகுமாம், வயிற்றுக் குட்டிக்கும் போகுமாம். வாசனைக்கு அவர் எடுத்துக்கொண்டது சாம்பிராணி. வெள்ளி இரவு வந்தால் மஸீனா வீடு முழுக்கப் புகை காட்டுகிறவள்தானே, வேறு எதற்கு அலைவது? பிறகு தினமும் காட்டச் சொன்னார். வயிறும் பிள்ளையுமாய் அவள் சட்டியோடு பின்னறை வாசலில் நிற்பாள். உள்ளே எலிகள் கீச்சிடும். ஒவ்வொரு தடவையும் அவள் பயந்து வயிற்றைப் பொத்திக்கொள்வாள்.

அன்று பின்னேரம் முத்தலிப் வந்ததும் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, புகை பட்டா புள்ள வெறைச்சுப் போகுது. அந்தக் குட்டிகளும் இப்பிடித்தானே?"

"கரண்டே படாத குட்டி வெறைக்குது, அதுதான் அதிசயம்!" முகம் மலர்ந்தது மனிதருக்கு. பிறகுதான் கேள்வி உறைத்தது. "பைத்தியக் கதை பேசாத. நீ என்ன எலியா?"

"புகைய நிப்பாட்டச் சொல்லுங்க. நான் சொன்னா சாச்சி கேக்க மாட்டாங்க."

"பெத்த நாப்பது நாள் கழியட்டும்," என்று முகம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அவர் காலைக் கோச்சியில் ஏறிக் கண்டிக்குப் போனபின், சாச்சி பிள்ளையைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போனார். தணலில் போட்ட சாம்பிராணி வீட்டுக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. பின்னறையில் சத்தமே இல்லை. மஸீனா சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க் கதவைத் தள்ளினாள்.

முதல் கூட்டில் குட்டிகள் ஒரு மூலையில் விறைத்துக் கிடந்தன. தாய் எலி ஒரு குட்டியை முன்காலில் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஆத்திரமில்லை, அவசரமில்லை. அலுத்துப்போனவள் சோறு தின்கிற மாதிரி தின்றது. அடுத்த கூட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

யா அல்லாஹ்! எப்படித் திரும்பிவந்து பாயில் விழுந்தாள் என்று தெரியாது. கிணற்றடியிலிருந்து வந்த சாச்சி பிள்ளையை அவள் மடியில் போட்டார். புகைச்சட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

"கொஞ்ச நேரம் புடி மகள். வென்னிச் சட்டியக் கழுவிட்டு வாறேன்."

போகாதீங்க சாச்சி. சொல்ல வாய் வரவில்லை. புள்ளையக் கொண்டு போங்க. அதுவும் வரவில்லை.

புகை ஏறியது. பிள்ளை விறைத்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. பசித்தது.

வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது. கையை உதறிப் பிள்ளையைத் தள்ளப் பார்த்தாள். கை கேட்கவில்லை. இறுக்கிப் பிடித்தது.

வெளியே சாச்சி சட்டி தேய்க்கும் சத்தம்.

மஸீனா கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். பிள்ளையின் ஒரு கையை மணிக்கட்டு வரை காணவில்லை. ஐந்து விரல்களும் அவள் நாக்கின்மேல் இருந்தன, மெத்தென்று, வெதுவெதுப்பாக.

பற்கள் மெல்ல மூடிக்கொண்டிருந்தன.