வீட்டைப் பார்த்த பரண்கள்

“அம்மா, மரத்துல ஒருத்தர் ஒக்காந்திருக்காரே, அவரு எப்பம்மா எறங்குவாரு?” என்று ஐடா கோடையில் ஒரு முறை கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை ஏதோ உளறுகிறாள் என்று அம்மா மார்லிஸ் சிரித்துவிட்டாள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வீட்டோடு புதிதாக வாங்கிய அந்தக் காட்டில், இலையெல்லாம் கொட்டிய பிறகுதான் மரங்களில் மூன்று பழைய இரும்புப் பரண்கள் அவள் கண்ணில் பட்டன. முன்பு மான் வேட்டையாடியவர்கள் ஏணியோடு கட்டி, அப்படியே விட்டுப் போனவை. மரம் பருத்துச் சங்கிலியை விழுங்கி, கட்டைவிரல் ஆழத்துக்குப் பட்டை மூடியிருந்தது. மூன்றும் சதுப்பு நிலத்து மான் தடத்தைத்தான் பார்த்திருந்தன. சனிக்கிழமை அவளே சுற்றிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுகையில் ஜன்னல் வழியே நிமிர்ந்தாள். மூன்றும் வீட்டைப் பார்த்திருந்தன.

விஷயத்தைக் கேட்டு அவள் தம்பி லைல் ரம்பத்தோடு வந்தான்.

“பட்டைக்குள்ள பொதைஞ்ச சங்கிலி எப்படிக்கா திரும்பும்? மானெல்லாம் சேந்து திருப்பி வெச்சுதாக்கும்!”

“சிரிக்காதடா. மொதல்ல அறுத்துப் போடு. கொழந்தை உள்ள தனியா இருக்கா.”

வீட்டுக்கு மிக அருகில் இருந்தது இருவர் உட்காரும் பரண். அவன் ஏற ஏற ஒவ்வொரு படியும் முனகியது. துரு வாடையும் மட்கிய இலையின் ஈர வாடையும் கலந்து இறங்கின. மேலே போய் உட்கார்ந்தான்.

“அக்கா...”

“என்னடா?”

“எல்லா எடத்துலயும் பனி உறைஞ்சிருக்கு. உக்கார்ற எடம் மட்டும் சூடா இருக்கு.”

இப்போது அவன் குரலில் கேலி இல்லை. ரம்பத்தை மடியில் வைத்தபடி மெல்ல ஓரமாக நகர்ந்தான். பக்கத்தில் ஒருவருக்கு இடம் விடுவதுபோல.

“லைல்?”

ரம்பத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. அவளைப் பார்க்காமல், வண்டியை நோக்கி நடந்தான்.

மார்லிஸ் அண்ணாந்து பார்த்தாள். அவன் எழுந்த பக்கத்தில் இருக்கையின் கான்வாஸ் துணி மேலே எழும்பியிருந்தது. மறுபக்கம் எழும்பவில்லை. தொய்ந்தே கிடந்தது.

வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ஐடா. சிரிக்கிறாள். கையசைக்கிறாள். அம்மாவைப் பார்த்து அல்ல. அம்மாவின் தலைக்கு மேலே.

அசைத்த கையை மடக்கி, வா வா என்றாள்.

கான்வாஸ் எழும்பியது.

ஏணியின் மேல்படி முனகியது. அடுத்த படி.

“லைல்!”

அவன் வண்டியில் ஏறி, பக்கக் கண்ணாடியில் ஏணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.