ஒரு பெயருக்கு இரண்டு ஆள்

மறுபடியும் அதே இடத்தில் கீறல். காலையில்தான் அருட்பிரகாசம் சுடுநீர் ஊற்றி, இழைத்து, ஐஸைக் கண்ணாடிபோல ஆக்கிவிட்டுப் போயிருந்தான். தளத்துக்கு இன்று விடுமுறை. சறுக்க ஒரு குஞ்சும் வரவில்லை.

"சனியன்!" சுரண்டியைத் தூக்கி எறிந்தான்.

லா சப்பல் ரயில்பாதையோரம் நிலக்கரிக் கிடங்காக இருந்த கொட்டகை அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் சறுக்குத் தளமாக்கினார்களாம். யாரோ ஒரு கனடாக்காரர் கல் தள்ளி ஆடும் கர்லிங்குக்கு வட்டங்களும் வரைந்தாராம். பாண்டிச்சேரிக்காரரான மேற்பார்வையாளர் சூசைநாதன் இந்தப் புராணத்தைச் சலிக்காமல் சொல்வார். யேசுரட்ணம் எங்கே என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

யேசுரட்ணம், தங்கையின் புருஷன். கார்த் என்கிற பிரெஞ்சு வதிவிட அட்டை இல்லாதவன். அதனால் அருட்பிரகாசத்தின் பெயரிலேயே இரவு வேலை பார்த்தான். பகலில் இவன், இரவில் அவன். செப்டம்பரில், புது ஐஸுக்குப் படலம் படலமாகத் தண்ணீர் விட்டு உறையவைக்கப் போனவன் திரும்பவில்லை. ஊரிலிருந்து தங்கை போன் எடுத்து அழுகிறாள்.

"பொலிசிலை சொல்லுவம் ஐயா," என்றான் போன வாரம் சூசைநாதனிடம்.

"யாரைக் காணோம்னு சொல்லுவே? கார்த்ல இருக்கிற ஆள் இதோ நிக்கிறியே! முதலாளி பத்ரோனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்பா."

"ரெண்டு பேர் எண்டு நீங்களே சொல்லுறியள்!"

சூசைநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அருட்பிரகாசம் கீறலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அமோனியா நெடி மூக்கில் ஏற, குளிரூட்டும் மோட்டாரின் முனகலும் சென் தெனிப் பக்கம் போகும் ரயிலின் அதிர்வும் ஐஸ் வழியாக வந்து முழங்காலுக்குள் புகுந்து பல்வரை கிடுகிடுத்தன. கீறலைத் தடவினான். நான்கு கோடுகள். பக்கத்தில் கட்டையாக ஐந்தாவது. ஐஸ் மேல்நோக்கிப் பெயர்ந்திருந்தது. சறுக்குக் கத்தி அப்படிப் பெயர்க்காது.

கீழேயிருந்து கீறியிருக்கிறது.

பயமாக இருந்தது. மோட்டார் நின்றது. ரயிலும் இல்லை. மெல்லிய சுரண்டல் மட்டும்.

"அருட்பிரகாசம்!" அலுவலக அறையிலிருந்து சூசைநாதன் கத்தினார். "முடிச்சிட்டியா?"

குரல் வரவில்லை.

அவனுக்குக் கீழிருந்து வந்தது. தெரிந்த குரல்.

"ஓம் ஐயா. வாறன்."

"சரி, சீக்கிரம் வா," என்றார் சூசைநாதன்.

ஐஸ் விரிந்தது. நீலம் பாரித்த விரல்கள் வெளியே வந்து, அருட்பிரகாசத்தின் முழங்காலைப் பிடித்து, ஊன்றி எழத் தொடங்கின.