முகம் திருப்பிய தெரு

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் கொரின் டுவாலே வந்து இறங்கியபோது மெயின் தெருவில் பனி தூறிக்கொண்டிருந்தது. பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. காபிக் கடை போடுவதற்காக அவள் வாங்கியிருந்த பழைய துணிக்கடையைத் திறந்ததும் ஈரக் கம்பளியின் வாடை முகத்தில் அடித்தது. கண்ணாடியோரம் ஒரு மெத்தை நாற்காலி, தெருவைப் பார்த்தபடி.

பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கிழவர் ஆர்வில் ஸ்ட்ராம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இங்க எவனும் வரமாட்டான்மா. லெனோரா கடை இது."

"யாரு அவங்க?"

"சர்க்கரை பீட்ரூட் வயல்ல வேலை செஞ்ச மெக்ஸிகோக்காரி ஒருத்திய முன்வாசல் வழியா கூப்பிட்டு, எங்க வீட்டுப் பொம்பளைங்க போட்டுப் பாக்குற கவுனையே போட்டுவிட்டா. அதுக்கப்புறம் ஊர்ல யாரும் அவகிட்டப் பேசல. கடையத் தாண்டும்போது முகத்தத் திருப்பிக்குவோம். யோசனை என்னோடதுதான்." சிரித்தார். "மெயின் தெருவுல உன்ன யாரும் பாக்கலன்னா நீ செத்த மாதிரிதான்."

"அப்புறம்?"

"அந்த நாற்காலியிலயே செத்துக் கெடந்தா. எப்போன்னு தெரியாது. யாரு பாத்தா?"

கொரின் காபிக் கடையைத் திறந்தாள். ஆர்வில் சொன்னதுதான் நடந்தது. லெனோராவை அறியாத குழந்தைகள்கூட அந்தக் கண்ணாடியைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கிறிஸ்துமஸ் அணிவகுப்பு நாள் பிற்பகல். குளிர் தாங்காமல் ஆர்வில் முதல்முறையாக உள்ளே வந்தார். கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"அவ என்னப் பாக்குறா."

கொரின் திரும்பினாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலெழும்பியது. யாரோ எழுந்துகொண்டதுபோல.

ஆர்வில் தெருவுக்கு ஓடினார். வாத்திய முழக்கத்துக்கு நடுவே ஒவ்வொருவர் கையாகப் பிடித்து உலுக்கினார். "நான்தான்டா, ஆர்வில்." காற்றடித்ததுபோல் அவர்கள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவருடைய மகளே அவரைத் தாண்டிப் போனாள்.

அதே நேரம் கொரினின் கடைக்குள் பெண்கள் கூட்டமாக நுழைந்தார்கள். முதல் வாடிக்கையாளர்கள்.

வெளியே ஆர்வில் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தினார். "கொரின், நீயாவது பாரும்மா."

அவளுக்கு அவர் தெரிந்தார்.

"அங்க யாருமே இல்லையே, யாரப் பாக்குற?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் பேச்சை நிறுத்திக் கொரினையே பார்த்தார்கள். இவளுக்குப் பைத்தியம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நாளை ஒருத்தியும் வரமாட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் கொரின்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பனி உருகத் தொடங்கிய பிறகுதான் ஆர்வில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார். கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில், விறைத்துப்போய். அந்தப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்தவர்கள் உண்டு. அன்று இறக்கிவிட்ட தெருப்பக்கத்துத் திரையைக் கொரின் அதுவரை ஏற்றவே இல்லை.

அடக்கம் முடிந்து வந்து திரையை ஏற்றினாள். கண்ணாடியின் உட்புறம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்தில், மூச்சுப் பட்டதுபோல் பனித்திருந்தது. துடைத்தாள். மறுபடி பனித்தது.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மூச்சு மெதுவாகப் படரத் தொடங்கியது.