தேய்ந்த நாணயத்தில் ஒரு முகம்

லிமா நகரத்து மழையை மழை என்று சொன்னால் மழைக்கே கோபம் வரும். குடை பிடிக்கவும் விடாது, நனையாமலும் விடாது... அப்படி ஒரு சனிக்கிழமை காலையில்தான், நாணயம் சேகரிப்பவர்கள் கூடும் மண்டபத்துக்குள் நெலிடா நுழைந்தாள். இமைகளில் தூறல் பொடிப்பொடியாய் ஒட்டியிருந்தது.

முதல் மேசையில் உட்கார்ந்திருந்தவன் ரோமுலோ. அவள் நீட்டிய வெள்ளி நாணயத்தை வாங்கியவன், நாணயத்தை மட்டும் பார்த்திருக்கலாம். அவள் கண்களைப் பார்த்துத் தொலைத்தான்... பேச்சுத் தடுமாறியது. அதை மறைக்கக் கேலியில் இறங்கினான்.

"எதப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"மணலும் பேஸ்ட்டும். ஏன்?"

"கொன்னுட்டீங்களே... வெள்ளிக் காச யாராவது தேய்ப்பாங்களா? இத ஓசில குடுத்தாக்கூட ஒருத்தனும் தொட மாட்டான்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நெலிடாவின் முகம் சுண்டிப்போனது.

"விக்க வரலங்க. இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமான்னு கேக்க வந்தேன். என் தம்பி வில்மர் மொகம் இதுல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையானா நுவேவா எஸ்பெரான்சா மலைல, அவன் கல்லறைல வெச்சுத் துலக்குவேன். அது தப்புன்னு எனக்குத் தெரியாது."

நாணயத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அவன் வாசலுக்கு ஓடி வருவதற்குள் தெருவெல்லாம் வெறும் சாம்பல் நிறம்... அவள் இல்லை. தன் நாக்கை அவனே சபித்துக்கொண்டான்.

அவள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு அடித்த நாணயம் அது. ஒரு பக்கம், கிண்ணம் ஏந்திய சிறுவன். வில்மரைப் படம் எடுத்துப் போய்த்தான் அச்சு வெட்டினார்கள் என்று இல்லத்தில் எல்லாரும் சொன்னார்கள். அதே வருடம், ஏழு வயதில், காய்ச்சலில் அவன் போனான். வேறு படம் கிடையாது. பத்து வயது நெலிடா பெரியவர்கள் சொன்னதை நம்பி, அவர்கள் கொடுத்த நாணயத்தை வாங்கிக்கொண்டாள். சிலுவை, பூச்சாடி, பெயர்ப்பலகை என்று கல்லறையில் இருக்கும் எல்லாவற்றையும் துலக்குவது அந்த மலையில் வழக்கம். அவள் நாணயத்தையும் சேர்த்துத் துலக்கினாள். பதினேழு வருடம்! கண்ணும் மூக்கும் கரைந்து, இப்போது வெறும் வழவழப்புதான் மிச்சம்.

ரோமுலோ தூங்கவில்லை. நாணயத்தின் மறுபக்கத்தில் பார்த்த இல்லத்தின் பெயரை வைத்து மூன்று வாரம் அலைந்து, தன்னிடம் இருந்த நல்ல நாணயங்கள் இரண்டைக் கொடுத்து, அதே நாணயத்தைத் தேடிப் பிடித்தான். கல்லறைத் திருநாளன்று மலை முழுக்க ஜனம்... பாட்டுக்காரர்கள், பூ, பீர், அழுகை. வில்மர் என்ற பெயரைக் கல் கல்லாய்த் தேடிக்கொண்டு அவன் ஏறினான். மத்தியானத்துக்கு மேல்தான் அவளைக் கண்டான். நாணயத்தை நீட்டினான்.

யாரும் தேய்க்காத, கறுத்த வெள்ளி. இமைமயிர்கூடத் தெளிவாய்த் தெரிந்தது. நெலிடா வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவன் இல்ல."

கொழுகொழு கன்னமும் சுருட்டை முடியுமாய், யாரோ ஒரு அழகான பிள்ளை. இத்தனை வருடம் தேய்ந்துபோன வெள்ளியில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஆசைதான்.

"அவன் நிஜ மொகம் எனக்கு மறந்துபோச்சுங்க..."

ரோமுலோ மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு நிஜம் நானும் சொல்லிடறேன். காசு ஒரு சாக்குங்க. உங்களத் திரும்பப் பாக்கணும்... அதுக்குத்தான் வந்தேன். மொகம் மறந்தா மறந்துட்டுப் போகுது. ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

அவள் நிமிரவில்லை. தூறல் பிடித்தது. கீழே எங்கோ ஒரு வயலின் அழுதுகொண்டிருந்தது.

"முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு... சிரிச்சா கைய வெச்சு மறைச்சுக்குவான்..." என்று ஆரம்பித்தாள். காது பெரிசு என்றாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவான் என்றாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் பெருகியது, ஆனால் நிறுத்தவில்லை. இருட்டிக்கொண்டு வரும்போதுதான் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இதெல்லாம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும்போல இருக்கு... வர்ற ஞாயித்துக்கிழமையும் வாங்க."