பேரில்லாத பகுதி

சுவரில் ரயிலின் எஞ்சினைக் காணவில்லை.

மேசைக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், அவள் மகன் குட்டி, சிவப்பு கிரேயானால் இழுத்து வைத்த ரயில் அது. சோப்பு போட்டும் போகவில்லை, பற்பசை வைத்துத் தேய்த்தும் போகவில்லை. இப்போது பெட்டிகள் மட்டும் இருந்தன. எஞ்சின் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு நொடி பார்த்தாள். தொலையட்டும் என்று லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இருந்த கோபத்தில் முழு ரயிலும் கிளம்பிப் போயிருந்தாலும் ஏனென்று கேட்டிருக்க மாட்டாள்.

கோபம் கணவன்மேல். பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. இன்று சாயங்காலத்துக்குள் ஒரு புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நேற்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, டிஸ்க்கில் இடம் பண்ணித் தருகிறேன் பேர்வழி என்று லேப்டாப்பில் உட்கார்ந்தவன், ரெக்கவரி பகுதியை அழித்துவிட்டான். லேப்டாப் படுத்துக்கொண்டால் எழுப்புவதற்கென்றே டிஸ்க்கில் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் இடம் அது. கூடவே வேறு எதையோ சேர்த்து அழித்திருக்கிறான். காலையில் லேப்டாப் எழவே இல்லை.

“உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது?” என்று போனில் கத்தினாள்.

“அதுக்குப் பேரும் இல்ல, உள்ள போக வழியும் இல்ல. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. யாருக்கு வேணும்னு அழிச்சேன்.” ஆபீஸில் எதையோ மென்றுகொண்டே பேசினான். “இப்ப என்ன, வெளி டிஸ்க்ல இமேஜ் எடுத்து வெச்சிருக்கேன்ல? ‘கடைசி’ன்னு இருக்கும். அதைப் போடு. எல்லாம் அப்படியே வந்துடும்.”

இமேஜ் என்றால், எடுத்த அன்றைக்கு எல்லாம் எப்படி இருந்ததோ அதன் முழு நகல். வெளி டிஸ்க்கைச் சொருகி, அதை வைத்தே லேப்டாப்பை எழுப்பினாள். அதில் மூன்று இருந்தன: ‘கடைசி’, ‘புதுக் கடைசி’, ‘நிஜக் கடைசி’. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எது என்று மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் வாயால் சொன்னது ‘கடைசி’. அதையே போடுவோம், கெட்டுப்போனால் அவன் தலையில் விடியட்டும் என்று நினைத்தாள். ‘இந்த நாளுக்குப் பின் வந்த எதுவும் மிஞ்சாது, தொடரவா’ என்று திரை கேட்டது. படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. லேப்டாப்பின் விசிறி இரைந்தது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருக்க, உள்ளறையில் குட்டி பொம்மைக் காரை உருட்டும் சத்தம் கேட்டபடியே இருந்தது. அவன் வயிற்றில் இருந்தபோதுதான், வீட்டுக்காரர் எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்த அந்தச் சின்ன அறையை, அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, சுவரை உடைத்துக் கதவு போட்டுத் திறந்தார்கள்.

பட்டை கால்வாசிக்கு வந்தபோது ஈர சிமெண்ட் வாடை அடித்தது. மாடியில் யாரோ பூச்சு வேலை செய்கிறார்கள் போல என்று எண்ணியபடி திரும்பினாள். ரயிலில் ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பூனைப் படம் இல்லை. வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் எப்போதும் தலைகீழாகக் கிடக்கும் சின்னச் செருப்பும் இல்லை.

“குட்டி, செருப்பை எங்கடா போட்ட?”

“இங்கதாம்மா இருக்கேன்.” பதில் சற்றுத் தள்ளி, போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் பழசு. போனை எடுத்தாள்.

“நீங்க சொன்ன ‘கடைசி’ எப்ப எடுத்தது?”

“‘நிஜக் கடைசி’யைத்தானே சொன்னேன்? வெறும் ‘கடைசி’யா போட்ட? அடிப்பாவி, அது குட்டி பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி எடுத்ததாச்சே. வேலையெல்லாம் போயிடுமே.”

வேலை நாசமாகப் போகட்டும். அவள் உள்ளறைக்கு ஓடினாள்.

கதவு இல்லை.

கதவு இருந்த இடத்தில் சுவர். பூச்சு ஈரமாக இருந்தது. அவள் கண்ணெதிரேயே அது காய்ந்து, பழசாகி, விரிசல் விட்டது.

“குட்டி!”

“அம்மா, லைட் போடும்மா.”

சுவருக்குள்ளிருந்து. அவள் கையால் அறைந்தாள். நகத்தால் கீறினாள். போன் இன்னும் காதில் இருந்தது.

“கதவு போயிடுச்சுங்க. குட்டி உள்ள இருக்கான்!”

“எந்தக் குட்டி?”

“நம்ம குட்டிங்க!”

“ஏய், என்னாச்சு உனக்கு? யாரு அது?”

அவனைக் கொன்று போடலாம் போல இருந்தது. திரும்பி ஓடினாள். பட்டை முடியப் போகிறது. வெளி டிஸ்க்கின் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

பட்டை நின்றது.

விசிறியும் நின்றது. எங்கும் சத்தம் இல்லை. பிறகு சுவருக்குள் பொம்மைக் கார் உருண்டது. இருக்கிறான். இன்னும் இருக்கிறான். திரையில் டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் படம் வந்தது. ஓரத்தில், முன்பு இல்லாத ஒரு சின்னப் பகுதி. அதை அழுத்தினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“ஓரத்துல ஏதோ வந்திருக்குங்க. பேரு இல்ல. உள்ளயும் போக முடியல.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.

“அதுக்கா இந்தக் கத்து? நீ மொதல்ல கத்துனப்பவே ஆபீஸ்லேர்ந்து பாதியில கிளம்பிட்டேன், கீழ வந்தாச்சு. நீ ஒண்ணையும் தொடாத. நானே வந்து அழிச்சிடறேன்.”

லேப்டாப்பை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி சுட்டது. படியில் செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் போட வாசலுக்கு ஓடினாள். சரிபண்ணித் தருகிறேன் என்று கணவன் எப்போதோ கழற்றிய தாழ்ப்பாள். திருப்பி மாட்டவே இல்லை.

வெளியே சாவிக்கொத்து குலுங்கியது.

சுவருக்குள் கார் நின்றது. சின்னக் கைகள் இரண்டு, முழங்கால் உயரத்தில், ஆசையாகத் தட்டின.

“அம்மா! அப்பா வந்தாச்சா?”