நன்றி இல்லாத மனு

திங்கட்கிழமை காலையில் கணினியைப் போட்டதும் அந்த அறிவிப்பு மறுபடியும் பேச்சியம்மாளின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

'அன்புள்ள பேச்சியம்மாள், தங்கள் இயங்குதளம் பழையதாகிவிட்டது. வரும் ஞாயிறு இரவோடு அதன் அரசுத் தொடர்பு துண்டிக்கப்படும். இணக்கம் ஒன்பதுக்கு இப்போதே புதுப்பிக்கலாமா?'

கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம், நன்றி' என்பது பச்சையில், உள்ளங்கை அகலத்துக்கு. 'வேண்டாம்' என்பது ஓர் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவுக்கு.

"இவன் யாரு என்னைய அன்புள்ளன்னு கூப்பிட?" என்று எறும்பைத் தேடிப் பிடித்து நசுக்கினாள்.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் வரிசையாக மனு எழுதும் கடைகள். அவளுடையதைத் தவிர எல்லாக் கடையிலும் இணக்கம் வந்துவிட்டது. அதன் முன்னால் போய் நின்று பேசினால் போதும். அழலாம், கத்தலாம், கெட்ட வார்த்தைகூடச் சொல்லலாம். உள்ளே இருக்கும் நயமாக்கி அத்தனையையும் வாங்கிக்கொண்டு, மூச்சு விடும் நேரத்தில் பதவிசான தமிழில் ஒரு மனுவாக்கி அனுப்பிவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் நிறைவுமானி என்றொரு பொறி அதைப் படித்து, மனுதாரர் எவ்வளவு மனக்குறையோடு இருக்கிறார் என்று அளக்கும். குறை முற்றியவர்களை முதலில் கவனிப்பதாக ஏற்பாடு. தாளில் எழுதிய மனுவை வாங்குவதை நிறுத்தி வருடக்கணக்காகிறது.

பேச்சியின் மேசைக்கணினி மட்டும் இன்னும் விரல் கேட்டது. அதனால் மனுவென்று அவளிடம் யாரும் வருவதில்லை, நகல் எடுக்கவும் படிவம் நிரப்பவும்தான் வந்தார்கள். கல்லூரி ஆய்வகத்தைக் காலி செய்தபோது வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது.

"ஏட்டி பேச்சி, அது கணினியா, இட்லிக் கொப்பரையா? இந்த இரைச்சல் போடுது" என்றார் பக்கத்துக் கடை செல்வக்கனி அண்ணாச்சி. "பச்சைய அமுக்கிட்டுப் போவியா. படிச்ச பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது."

"படிச்சதுனாலதான் அண்ணாச்சி வீம்பு."

காரணம் இல்லாமல் இல்லை. உப்பளத்துத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு நிறுவனம் அவளுடைய தெருப்பேரைக் கேட்டது. பிறகு வேலை இல்லை என்றது. 'என் மதிப்பெண்ணைப் பார்த்தீர்களா, முகவரியைப் பார்த்தீர்களா?' என்று அண்ணாச்சி கடை இணக்கத்தில் நின்று கேட்டாள். போன கடிதத்தில் இருந்தது: 'தங்கள் நிறுவனத்தைக் காணக் கிடைத்த வாய்ப்பை என்றும் மறவேன். நன்றி.' அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இந்தச் சனியன் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று.

வெயில் ஏறும் நேரத்தில் லூர்து மதினி வந்தாள். அளத்தில் உப்பு வாருகிறவள், பேச்சி வீட்டுக்கு எதிர்வீடு. கையில் அலைபேசி.

"படிச்சுச் சொல்லு. என்ன எளவு போட்டிருக்கான்?"

'தங்கள் மனு மனுதாரரின் முழுத் திருப்தியுடன் முடித்துவைக்கப்பட்டது.'

"திருப்தியா? எவளுக்குத் திருப்தி?" லூர்து சேலையை இடுப்பில் செருகினாள். "இது மூணாவது தடவை பேச்சி. அண்ணாச்சி கடையில நின்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

சாலையை அகலப்படுத்தியவர்கள் குடிநீர்க் குழாயை உடைத்துப் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து தெருவே லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. லாரியும் நினைத்தபோதுதான் வரும். வராத நாளில் கிணற்றுக் கரிப்புத் தண்ணீர்தான், பேச்சி வீட்டிலும்.

"இங்க உக்காருங்க மதினி. எனக்கிட்ட கத்துங்க. நீங்க சொல்றத அப்படியே அடிக்கேன்."

லூர்து கத்தினாள். பேச்சி அடித்தாள். 'உப்பு விளைகிற தண்ணீரில் சோறு பொங்கினால் தனியாக உப்புப் போட வேண்டாம் என்று நினைத்தீர்களா? உங்கள் வீட்டுக் குடத்தைக் கொண்டுவாருங்கள், எங்கள் கிணற்றில் மொண்டு தருகிறோம். குடித்துவிட்டுத் திருப்தி என்று நீங்கள் சொல்லுங்கள்.' கடைசி வரி முடிந்ததும் பேச்சியின் விரல் தயங்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

மாலையில் பதில் வந்தது. 'தங்கள் மனுவை அளக்க இயலவில்லை. மனிதப் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

"மனுசப் பார்வைன்னா?" என்றாள் லூர்து.

"தெரியல மதினி. நான் இதுவரைக்கும் கண்டதில்லை."

புதன்கிழமை அந்த மனிதப் பார்வை ஒரு பழைய பைக்கில் தெருவுக்குள் வந்தது. பெயர் அதிசயராஜ், துணை வட்டாட்சியர். பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடம் கட்டியிருந்தது.

"மொண்டு தாரோம்னு எழுதினது யாரு?"

லூர்து மொண்டு கொடுத்தாள். மனிதர் ஒரு வாய் குடித்தார். விழுங்க முடியாமல் வேலியோரம் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பொறி அளக்க முடியாத மனுவெல்லாம் எனக்குத்தான் வரணும்" என்றார். "எனக்குப் போட்ட மேசையில ரெண்டு வருசமா ஒண்ணுகூட வரலம்மா. மாவட்டமே சந்தோசமா இருக்குன்னுல்லா நெனச்சிட்டேன்."

"ஒருநாள் வெளிய வந்து எட்டிப் பாத்திருக்கலாம்லா சார்?" என்றாள் பேச்சி.

அவர் அலைபேசியை நீட்டினார். லூர்துவின் பழைய மனுக்கள் மூன்றும் அதில் இருந்தன. 'குடிநீர் தொடர்பாகத் தங்கள் கனிவான கவனத்தைப் பணிவுடன் வேண்டுகிறோம். நன்றி.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறைவுமானி குறித்திருந்தது: மனநிறைவு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

பேச்சி இரண்டு முறை படித்தாள். பிறகு சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

பத்தாம் வகுப்பில் விண்ணப்பக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் நன்றி போட்டார்கள். பேச்சி போடவில்லை. தமிழ் ஐயா ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். "அவிய இன்னும் ஒண்ணுமே செய்யலியே ஐயா, எதுக்கு முன்கூட்டியே நன்றி?" என்று கேட்டதற்கு வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அந்த மதிப்பெண்ணை முழுதாக வாங்கிய பிள்ளைகள்தாம் பெரிய ஊருக்குப் போய் நயமாக்கியைச் செய்திருக்கிறார்கள். எந்த மனுவானாலும் அது கடைசியில் நன்றி போட்டது. நிறைவுமானியைச் செய்தவர்களோ, நன்றி சொல்கிறவனுக்குக் காரியம் ஆகிவிட்டது என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொறியைப் பொறுத்தவரை ஊரில் குறையுள்ள ஆளே கிடையாது.

அதிசயராஜ் குழாயைப் பார்த்து அங்கேயே உத்தரவு போட்டார். போட்ட கையோடு சாலை ஒப்பந்ததாரரின் கணினியிலிருந்து பதில் வந்து விழுந்தது: 'பணி இனிதே நிறைவுற்றது. நன்றி.'

"பாத்தியளா?" என்றார் அவர். "தெருவிலிருந்து மறுப்பு வரலைன்னா இதையும் பொறி முடிச்சு வச்சிரும். மறுப்பு வாங்குறது திங்கக்கிழம மட்டுந்தான், அன்னைக்கு ஒரு மனு போடுங்க. இதே மாதிரி, ஒரு சொல்லு மாத்தாம."

"ஞாயித்துக்கிழம என் தொடர்ப அறுத்திருவான் சார். தாள்ல எழுதித் தந்தா?"

"தாள் வாங்க எனக்கு அதிகாரம் இல்ல. வந்தத வாசிக்கத்தான் நான்."

செய்தி பரவிவிட்டது. வியாழனும் வெள்ளியும் பேச்சியின் கடை வாசலில் வரிசை அண்ணாச்சி கடையைத் தாண்டி நின்றது. அவளுடைய விரல் வீங்கியது. அதிசயராஜின் பைக் மாவட்டம் முழுக்க ஓடியது.

சனிக்கிழமை இணக்கம் நிறுவனத்தின் முகவன் வந்தான். ஜெனிட்டன் என்று சட்டையில் பெயர். காதில் ஒரு செவிமணி மினுங்கியது. என்ன பேச வேண்டுமென்று அது ஓதிக்கொண்டே இருக்கும். அவன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

"வணக்கம் அக்கா. உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு நன்றி."

"நான் இன்னும் ஒதுக்கல."

"அதற்கும் நன்றி. புதுப்பிப்பு முற்றிலும் இலவசம். இவ்வளவு பெரிய வரிசையை நீங்கள் அரைமணியில் முடித்துவிடலாம்."

"ஒண்ணு கேக்கேன். உன் இணக்கத்துல நன்றி இல்லாம ஒரு மனு அனுப்ப முடியுமா?"

செவிமணி கொஞ்சம் யோசித்தது. "அது பண்பாட்டு அமைப்பு அக்கா. அதை நீக்க வழியில்லை."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"திங்கள் முதல் உங்கள் கணினி வெறும் பெட்டிதான். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது."

"உனக்கா வருத்தம், உன் காதுல கிடக்குதே, அதுக்கா?"

அவன் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சி ஆடித்தான் போனாள். அன்று லாரி வரவில்லை. அம்மா கரிப்புத் தண்ணீரில் பொங்கிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். புதுப்பித்தால் மறுப்பு மனு போகும், ஆனால் திருப்தி என்று முடியும். புதுப்பிக்காவிட்டால் போகவே போகாது, அப்போதும் திருப்தி என்றுதான் முடியும். அண்ணாச்சி வீடு தேடி வந்து சொன்னார்: "அனுப்பினாத்தானட்டி அனுப்பின மாதிரி. இல்லன்னா நீ வாய மூடிட்டு இருந்ததாத்தான ஆகும்?"

"வாய மூடிட்டு இருக்கதும், என் வாயால அவன் பேசுறதும் ஒண்ணா அண்ணாச்சி? முதலாவதுல என் வாயாவது எனக்கு மிஞ்சும்."

சொல்லிவிட்டாளே ஒழிய, தண்ணீருக்கு அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரியும். சோற்றை இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயில் சட்டென்று நிமிர்ந்தாள். அவருக்குத் தாள் வாங்கத்தானே அதிகாரம் இல்லை? திரையில் இருப்பதை வாசிக்க அதிகாரம் இருக்கிறதே! மனு போகாவிட்டால் என்ன, கணினியே அவர் மேசைக்குப் போகட்டும்.

திங்கட்கிழமை காலை எதிர்ச்சாரியில் அப்படி ஒரு ஊர்வலத்தை யாரும் பார்த்ததில்லை. லூர்து சும்மாடு கூட்டித் திரையைத் தலையில் ஏற்றியிருந்தாள். பேச்சி பெட்டியை இடுப்பில் வைத்திருந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வயரைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். "கிறுக்குப் பிடிச்ச கூட்டம்" என்று திட்டிக்கொண்டே அண்ணாச்சியும் விசைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

சாலையைக் கடக்கக் கால் எடுத்து வைத்தபோது எதிரே ஜெனிட்டன் ஓடிவந்தான். சட்டை வியர்த்திருந்தது.

"இறக்குங்கள் அக்கா, தயவுசெய்து இறக்குங்கள். தொடர்பைத் துண்டிக்கவில்லை. துண்டிக்க எங்களுக்கு உரிமையே இல்லை."

"என்னலே சொல்லுத?"

அவன் மூச்சு வாங்கச் சொன்னது இதுதான். அரசுடன் இணக்கம் நிறுவனத்துக்கு இருந்த ஒப்பந்தம் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. நீட்டித்துத் தரச் சொல்லித் தலைமை அலுவலகம் மூன்று முறை விண்ணப்பித்தது. மூன்று முறையும் பதில் வந்தது: விண்ணப்பதாரரின் முழுத் திருப்தியுடன் முடித்துவைக்கப்பட்டது. அங்கே இருக்கும் எல்லாக் கணினியும் இணக்கம் ஒன்பதுதான்.

"இந்த மாவட்டத்தில் பழைய இயங்குதளம் இருப்பது உங்களிடம் மட்டும்தான் அக்கா. எங்கள் மனுவையும் நீங்கள்தான்..."

லூர்து தலையில் திரையோடு சிரித்த சிரிப்பில் சும்மாடு நழுவப் பார்த்தது.

"ஏட்டி, எழுதிக் குடுத்திராத" என்றார் அண்ணாச்சி. "ஒப்பந்தம் கிடைச்சதும் திரும்பி வந்து அறுப்பான்."

"அறுக்கட்டுமே. அறுத்துப்போட்டு அடுத்த தடவை எதுல மனு போடுவான்?" பேச்சி பெட்டியோடு கடைக்குத் திரும்பினாள். "தம்பி, போய் வரிசையில நில்லு. முதல்ல எங்க தண்ணி."

தண்ணீர் மனு போனது. மனிதப் பார்வைக்கு அனுப்பப்பட்டதாகப் பதிலும் வந்தது. வரிசை நகர்ந்தது. மதியத்துக்கு மேல் ஜெனிட்டனின் முறை.

"சொல்லு."

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனத்தின்மீது தாங்கள் காட்டிவரும் பேரன்புக்கு..."

வரிசை கொல்லென்று சிரித்தது.

"செவிமணியக் கழட்டு" என்றாள் பேச்சி.

கழற்றினான். வாய் திறந்தபடி நின்றது, சொல் வரவில்லை. கடை வாசலில் தொலைந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எப்படிக்கா... எப்படிச் சொல்லணும்?"

"எய்யா, உனக்கு எது மேல கோவம்? அதச் சொல்லு" என்றாள் லூர்து. தன் வேலை முடிந்தும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தாள்.

அப்போது பார்த்துத் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு அந்த அறிவிப்பு வந்து நின்றது. ஒப்பந்தம் போனது அதற்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது. 'அன்புள்ள பேச்சியம்மாள், இப்போதே புதுப்பிக்கலாமா?'

பேச்சி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். சுட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீயே சொல்லு. புதுப்பிக்கலாமா?"

பழக்கத்தில் அவன் கை நேராகப் பச்சைக்குப் போனது. "எம்மா!" என்று வரிசை கூச்சல் போட்டது. கை நின்றது. குனிந்தான். திரையின் மேலே தேடினான், கீழே தேடினான். மூக்கு திரையில் இடித்தது. சுட்டியின் அம்பு எறும்பின்மேல் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் பச்சைக்கே போனது. நெற்றியிலிருந்து வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

"எந்த மூதி இத இவ்வளவு சின்னதா வச்சான்? ஒரு மனுசன் வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

கத்திவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தான், யாரோ பேசிவிட்டது போல.

எறும்பு நசுங்கியிருந்தது. திரை தெளிந்தது. பேச்சி விசைப்பலகையை இழுத்துக்கொண்டு, அவன் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் மனுவின் முதல் வரியாக அடித்தாள்.

"ம், இப்ப வருது. மேல சொல்லு."