வந்து சேர்ந்தார்

எண்பது வருடத்துப் பழைய மை அவள் கட்டைவிரலில் ஈரமாக ஒட்டியது. பட்டாளத்து ஆவண அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, தாத்தாவின் கோப்பு மட்டும் அடைமழையில் கிடந்து வந்ததுபோல் சில்லென்று, மண்வாடையோடு இருந்தது.

"உங்க தாத்தா போர்முனையிலேருந்து லீவுல கிளம்பியிருக்காரும்மா. வீடு வந்து சேர்ந்ததுக்கு வீட்டாள் கையெழுத்து இல்ல. அதான் ஓடிப்போனவர்னு குறிச்சுட்டாங்க," என்றார் எழுத்தர்.

அந்த ஒரு சொல்தான் அப்பாவின் வாழ்க்கையைத் தின்றது. பெற்ற தகப்பன் முகத்தைக்கூடப் பார்த்திராத அவரை, பள்ளிக்கூட நாளிலிருந்து 'ஓடுகாலி மகன்' என்றே கூப்பிட்டார்கள். சாவதற்குள் அந்தப் பேர் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

எழுத்தர் டீ குடிக்கப் போனார். போனால் அரைமணி நேரம். 'வந்து சேர்ந்தார்' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒரு கையெழுத்தால் யார் குடி முழுகிவிடப்போகிறது? பாட்டியின் பெயரைப் போடத்தான் பேனாவை எடுத்தாள். கைப்பழக்கம்! தன் கையெழுத்தையும் இன்றைய தேதியையும் போட்டுவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கோப்பை மூடிவைத்துவிட்டு நழுவினாள்.

பேருந்தில் வரும்போது அப்பா போனில் கூப்பிட்டார்.

"வாசல்ல ஒரு பையன் நிக்கிறாம்மா. இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. பட்டாளத்து உடுப்பு. கேட்டா வாயே திறக்கல."

"கதவைத் திறக்காதீங்கப்பா!"

"பாவம், ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கான் போல. காலெல்லாம் சேறு. என் ஜாடையா இருக்காம்மா."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

தெருமுனையில் இறங்கி ஓடினாள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் சேற்றுத் தடங்கள். உள்ளே போனவை மட்டும். திரும்பியவை இல்லை.

"அப்பா?"

படுக்கையறையில் யாரோ மெதுவாக நடந்தார்கள். அங்கும் இங்கும். அழும் குழந்தையைத் தூங்கவைக்கிற நடை.

எட்டிப் பார்த்தாள்.

உடுப்புப் போட்ட அந்தப் பையன் அவள் அப்பாவை இடுப்பில் தூக்கிவைத்திருந்தான். கிழவரின் கால்கள் தரையில் உரசின. கழுத்து தொங்கியது. உதட்டில் சிரிப்பு உறைந்திருந்தது. தொப்பிக்குக் கீழே இப்போது முகம் இல்லை. மண்தான்.

அவன் நின்றான். திரும்பினான். பேத்தியைத் தூக்க, மறுகையை நீட்டினான்.